நாற்பத்தைந்து அங்குலம்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பூச்சி எழுதுவது. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் சுகமா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று உன் கட்டிலுக்கு அடியில் என் புவியியல் நோட்டைத் தேடினேன். நோட்டு கிடைக்கவில்லை, ஒரு சாக்கு கிடைத்தது. உள்ளே நீ கல்யாணத்துக்கு முன்பு ஆரம்பித்த துண்டுத்துணிப் போர்வை! வரிசைக்குப் பத்துச் சதுரமாக நான்கு வரிசை தைத்து வைத்திருக்கிறாய். மிச்சத் துணியை வெட்டவே இல்லை. கல்யாண அவசரத்தில் அப்படியே சுருட்டி உள்ளே தள்ளிவிட்டாய் என்று அம்மா சொன்னாள்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மிச்சம் ஆறு வரிசையையும் நானே தைத்து, பஞ்சு வைத்து, குளிர் தொடங்குவதற்குள் உனக்கும் அத்தானுக்கும் அனுப்புவேன். இது உறுதி. நூலகத்தில் தையல் புத்தகம் ஒன்று எடுத்து மூன்று அத்தியாயம் முடித்துவிட்டேன். இன்னும் ஊசியைத் தொடவில்லை. "படிச்சு முடிச்சா போர்வை தானா வந்து விழுமாடி?" என்று அம்மா கேட்கிறாள். உதவி கேட்டால், "எனக்குக் காகிதம்தான் சொன்ன பேச்சு கேக்கும், துணி கேக்காது" என்கிறாள். நாள் முழுக்க அச்சகத்தில் புத்தகம் தைத்து பைண்டிங் செய்கிறவள் இப்படிச் சொல்லலாமா?

அம்மா எழுதச் சொன்னது: "மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் சேர்ந்து எப்போது வருகிறீர்கள்?" தனி ஆளாக நின்று நடத்திய கல்யாணம் என்று அச்சகத்தில் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அட்டை ஒட்டுகிற மாமா, "அக்கா, எனக்கு அந்தக் கதை மனப்பாடம், அடுத்த வரி நானே சொல்றேன்" என்றாராம்.

போர்வைக்கு என்ன அளவு வேண்டும்?

உன் பூச்சி


ஜூன் 21

புத்தகப்பூச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சாப்பாட்டுத் தட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாயா?

அந்தச் சாக்கை நான் மறந்தே போயிருந்தேன். செய், ஆனால் அளவில் கவனம். சதுரத்தை ஒன்பதரை அங்குலத்துக்கு வெட்டு. தையலுக்குப் போக ஒன்பது நிற்கும். பத்துச் சதுரம் சேர்ந்தால் தொண்ணூறு அங்குல அகலம். இங்குள்ள கட்டிலுக்கு அது சரியாக இருக்கும். வாசல் வழியாக நுழையவில்லை என்று தச்சர் கால்களைக் கழற்றி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்த கட்டில் இது. இந்த ஓரத்தில் படுத்தவருக்கு அந்த ஓரத்தில் ஆள் இருக்கிறதா என்றே தெரியாது. அவ்வளவு அகலம்.

அத்தானுக்கு வேலை அதிகம். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அம்மாவை மாடிப்படி பார்த்து ஏறச் சொல்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் சுகமில்லை. உடம்புக்கு அல்ல, மனதுக்கு.

அறுபது சதுரத்தையும் வெட்டி முடித்தேன். எட்டு நாள் வேலை. முதல் வரிசையைத் தைத்து உன் வரிசைக்குப் பக்கத்தில் விரித்தால், என்னுடையது ஐந்து அங்குலம் குட்டை! துணி சுருங்கிவிட்டதோ என்று இழுத்துப் பார்த்தேன். தையலை எண்ணினேன். புத்தகத்தில் நான்காம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அம்மாதான் என் ஸ்கேலைக் கையில் எடுத்தாள். "இதோட மூக்கு எங்கடி?" என்றாள்.

போன வருடம் கணக்குப் பரீட்சையின்போது அதன் முனை உடைந்துபோனது எனக்கு நினைவே இல்லை. ஸ்கேல் இப்போது அரை அங்குலத்தில்தான் ஆரம்பிக்கிறது. நான் உடைந்த முனையைத் துணி ஓரத்தில் வைத்து ஒன்பதரையில் கோடு போட்டிருக்கிறேன். ஆக, எல்லாச் சதுரமும் ஒன்பதுதான். அறுபதும்! ஒன்றாவது தப்பித்திருக்கக் கூடாதா? வகுப்பில் அளவுகள் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். இதை யாரிடமும் சொல்லாதே.

அறுபதையும் மறுபடி வெட்ட வேறு துணி இல்லை. என்ன செய்வது? அம்மா மறுபடி கேட்கச் சொன்னாள்: மாப்பிள்ளைக்கு எப்போது விடுப்பு?

மூக்குடைந்த பூச்சி


ஆகஸ்ட் 19

பூச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை மட்டும் சிரித்தேன். உன்மேல் தப்பில்லை.

ஒரு சதுரத்தையும் பிரிக்காதே. உன் வரிசைகளின் இரண்டு ஓரத்திலும் ஒரே நிறத்தில் ஒரு பட்டி கொடு. பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் நிற்கும்படி கொடுத்தால் தொண்ணூறு வந்துவிடும். வேண்டுமென்றே செய்தது மாதிரி இருக்கும். தையற்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான் பெயர் வாங்குகிறார்கள்.

ஆனால் இனிமேல் தொண்ணூறு வேண்டாம். ஒருவர் படுக்கிற கட்டில் அளவுக்குச் செய். அகலம் நாற்பத்தைந்து அங்குலம் போதும். வரிசைக்கு ஐந்து சதுரம், ஒரு பக்கப் பட்டி, அவ்வளவுதான். மிச்சத்தை நீ வைத்துக்கொள்.

இன்னொன்று. இனி கடிதத்தைக் கீழே உள்ள முகவரிக்குப் போடு. தலையணை உறையும் திரையும் தைக்கிற கடை. பகலில் இங்கே வேலைக்கு வருகிறேன். வீட்டு முகவரிக்கு வருகிற தபால் கை மாறிப் போகிறது.

அம்மாவின் முட்டிவலி எப்படி?

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முட்டி பரவாயில்லை. என் மூளைதான் குழம்பியிருக்கிறது.

ஜன்னல் வழியாகக் கொண்டுவந்த கட்டில் எங்கே போனது? நாற்பத்தைந்து அங்குலத்தில் இரண்டு பேர் எப்படிப் போர்த்திக்கொள்வீர்கள்? காகிதத்தில் வரைந்துகூடப் பார்த்தேன். யாராவது ஒருவருக்கு முதுகு வெளியே நிற்கிறது. நீ வேலைக்குப் போவதையும் ஒரே வரியில் எழுதிவிட்டாய். அத்தான் போகச் சொன்னாரா? அம்மா இரண்டு முறை கேட்டதற்கு நீ ஒரு முறைகூட நேராகப் பதில் எழுதவில்லை. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஸ்கேலில் கோட்டைவிட்டதால், முழுப் போர்வை இவளால் முடியாது, பாவம், பாதியோடு விட்டுவிடட்டும் என்று நினைக்கிறாய். அப்படித்தானே? பரிதாபப்படாதே. எனக்குப் பாதி வேண்டாம். தொண்ணூறும் வரும்.

பட்டி கொடுத்துப் பத்து வரிசையும் சேர்த்தாகிவிட்டது. இப்போது நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி வைத்து மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போடுகிறேன். நேற்று இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகத் தைத்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்தால் போர்வை முழுதும் என்னோடு எழுந்து வருகிறது! மடியில் வைத்துத் தைத்ததில் என் பள்ளிக்கூடப் பாவாடையையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்படியே பார்சல் பண்ணிடலாம்டி, உன்னையும் சேர்த்து" என்றாள். பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம்.

அம்மாவுக்கு இன்னும் நாற்பத்தைந்து பற்றிச் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருக்கிறது.

தோற்காத பூச்சி


செப்டம்பர் 30

பூச்சிக்கு,

நான் சௌக்கியம். உன்மேல் பரிதாபம் இல்லை. நீ செய்து முடிப்பாய் என்பதில் சந்தேகமும் இல்லை.

கடையில் எட்டு மிஷின்கள். என்னுடையது ஜன்னல் பக்கம். முதலாளியம்மா எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதுகூட. "கண்ணு, இதைத் தையல்னு வெளியில சொல்லிடாதே" என்பார்.

சிறியதாகவே செய். கேள்வி கேட்காமல் எனக்காக ஒரு தடவை செய். கடை முகவரிக்கே அனுப்பு. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அக்கா


நவம்பர் 4

என் அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது! நீயும் அத்தானும் எங்கே இருக்கிறீர்கள்? நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள்.

நூறு சதுரம். முழுத் தொண்ணூறு அங்குலம். நீ சொன்னதைக் கேட்கவில்லை என்று திட்டாதே. கடைசி நாளில் ஒரு விபத்து. அழுக்காக இருக்கிறதே என்று தண்ணீரில் நனைத்தேன். சிவப்புத் துணி சாயம் விட்டு, பக்கத்தில் இருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. கொடியில் போட்டுவிட்டு அழுதேன். அம்மா வந்து பார்த்தாள். "எவன் வந்து கேக்கப்போறான், இது முன்னாடி வெள்ளைன்னு?" என்றாள். காய்ந்த பிறகு பார்த்தால் உண்மையிலேயே மோசமில்லை.

இன்னொரு ரகசியம். இதைக் கடைக்கு அனுப்பவில்லை. எட்டு மிஷினுக்கு நடுவில் பிரித்தால் என்ன அழகு? கட்டில்மேல் அல்லவா விரிக்க வேண்டும்! அதனால் வீட்டு முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். அம்மாதான் சுமந்துகொண்டு தபால் நிலையத்துக்கு வந்தாள். அத்தானுக்கு ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே இருக்கிறது: "உங்கள் பக்கம் ரோஸ் நிறம், மன்னிக்கவும்." அவர் சிரித்தாரா என்று எழுது.

வெற்றி பெற்ற பூச்சி


நவம்பர் 11

பூச்சி,

எப்போது அனுப்பினாய்? ரசீது இருந்தால் தபால் நிலையத்தில் காட்டித் திருப்பிக் கேட்க முடியுமா என்று பார். முடியாவிட்டால், பார்சல் திரும்பி வரும்போது நீயே வாங்கு. அம்மா கையில் கிடைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு போட்டாலும் சரி. எல்லாம் பிறகு சொல்கிறேன்.

அக்கா


நவம்பர் 29

அக்கா,

உன் கடிதம் வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் திரும்பி வரும்? யார் திருப்புவார்கள்? தபால் நிலையத்தில் ரசீதைக் காட்டினேன். போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள் மாலையில் வாசலிலேயே உட்கார்ந்து பாடம் படித்தேன். ஆனால் பார்சல் சனிக்கிழமை காலையில் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஈரத் தலையோடு வெளியே வந்தால், அம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உன் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதியிருந்தது. தபால்காரர் இன்னும் போகவில்லை. "வீட்டம்மா பேரு தப்பா எழுதியிருப்பீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம், "ஆமாங்க, தப்புத்தான்" என்றாள். அவர் போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள்.

பிறகு கேட்டாள். "அவ லெட்டரெல்லாம் எடுத்துட்டு வா."

"எல்லாத்தையும் நான்தான் படிச்சுக் காட்டினேனேம்மா."

"நீ படிக்காம விட்டதையும் சேர்த்து."

கொண்டுவந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆகஸ்ட் கடிதத்தில் நின்றுவிட்டாள்.

"நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்காளே. இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"என்னால முழுசா தைக்க முடியாதுன்னு நெனச்சுட்டான்னு... வெக்கமா இருந்துச்சும்மா."

அம்மா திட்டவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாளாகத் தேவையான பேச்சு மட்டும்தான். அச்சகத்துக்குப் போகிறாள், வருகிறாள். பார்சல் பிரிக்காமல் மூலையில் இருக்கிறது.

நான் பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று தெரிகிறது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. அக்கா, நீ எங்கே தூங்குகிறாய்?

பூச்சி


டிசம்பர் 8

என் பூச்சிக்கு,

முதலில் இதைக் கேள். நீ செய்தது தப்பில்லை. ஒரே வரியில் சொல்ல வேண்டியதை நான் அங்குலக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு எப்படிப் புரியும்?

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போகப்போவதில்லை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி. ஓர் அறையில் நான்கு கட்டில். என் கட்டில் இரண்டரை அடி அகலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எனக்கு யாரும் எந்தக் காயமும் செய்யவில்லை, பயப்படாதே. ஏன் வந்தேன் என்பதைக் காகிதத்தில் எழுத வரவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அம்மாவுக்கு நேரில்தான் சொல்ல முடியும். அம்மா கேட்டால்.

தனி ஆளாக நின்று நடத்திய கல்யாணம். ஏழு மாதத்தில் அதை முடித்துக்கொண்டு எந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்பது? அதனால்தான் அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் செய். அம்மா என்ன சொன்னாள் என்று எழுது. உன் புத்தக நடையில் அழகாக்காதே. நல்லதோ கெட்டதோ, அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எழுது. நான் வரலாமா கூடாதா என்று அதிலிருந்து தெரிந்துகொள்வேன்.

அக்கா


டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சளி, அம்மா சுகம். நீ கேட்டபடி ஒன்றையும் அழகாக்கவில்லை.

உன் கடிதத்தை அம்மாவே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அதை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் பென்சிலோடு பின்னாலேயே நடந்தேன். "ஏன்டி நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு வர்றே?" என்றாள். இரண்டு நாளுக்கு அதுதான் நீளமான பேச்சு. உனக்கு எதை எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதம்.

நேற்று மாலை அச்சகத்திலிருந்து ஒரு கஜ நீள இரும்பு ஸ்கேலும், பெரிய கத்தரிக்கோலும் கொண்டுவந்தாள். பார்சலைப் பிரித்துப் போர்வையைத் தரையில் விரித்தாள். ஐந்தாவது சதுரத்துக்கும் ஆறாவது சதுரத்துக்கும் நடுவில் ஸ்கேலை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, வெட்டாதே! அஞ்சு மாசம் தச்சேன்!"

"தெரியும்."

"முழுசா இருந்தாத்தான் அழகும்மா. மடிச்சுப் போத்திக்கட்டும்."

"ரெண்டரை அடிக் கட்டில்ல தொண்ணூறு அங்குலத்தைப் போட்டா ரெண்டு பக்கமும் தரையைக் கூட்டும். அவ வாயைத் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அதையாவது சரியான அளவுல குடுப்போம். அந்த ஓரத்தைப் பிடி."

பிடித்தேன். அம்மா மேலிருந்து கீழே ஒரே நேராக வெட்டிக்கொண்டே போனாள். பிரிந்த ஓரங்களில் பஞ்சு எட்டிப் பார்த்தது. நான் அழுதேன். அம்மா புத்தகம் தைக்கிற தடித்த நூலையே ஊசியில் கோத்து, ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். துணி அவள் பேச்சைக் கேட்கத்தான் செய்கிறது.

தைக்கும்போது தலையை நிமிர்த்தாமல் பேசியது இவ்வளவுதான்:

"நாலு மாசம். தெரியாத ஊர்ல, நாலு பேர் நடுவுல. எங்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு. அந்தக் கல்யாணக் கதையை நான்தான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ எப்படிச் சொல்லுவா?"

இரண்டு பாதியின் ஓரத்தையும் தைத்து முடித்தாள். ஒரு பாதியை மடித்துப் பையில் வைத்தாள். மறுபாதியை நான் எடுத்து அலமாரியில் வைக்கப் போனேன்.

"அதை எங்க கொண்டு போறே?"

"மிச்சத்தை என்னை வெச்சுக்கச் சொன்னாளேம்மா."

"உனக்கு வேற தச்சுக்கோ. அதை அவ கட்டில்ல விரி. இங்க வந்தா மட்டும் அவளுக்குக் குளிராதா?"

உன் கட்டில்மேல் இருந்த என் புத்தகங்களையெல்லாம் இறக்கிவிட்டு விரித்தேன். ரோஸ் பக்கம்தான் உனக்குக் கிடைத்திருக்கிறது. நான் எங்கே படிப்பது என்று கேட்டதற்கு, "தரை காலியாத்தானே கிடக்கு" என்றாள்.

இன்றைக்கு அச்சகத்தில் விடுப்பு கேட்டுவிட்டாள். எதற்கு என்று அட்டை ஒட்டுகிற மாமா கேட்டாராம். "பெரிய பொண்ணு தனியா இருக்கா, பாக்கப் போறேன்" என்றாளாம்.

பையைத் தபாலில் போடப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமை பகல் பஸ்ஸில் அம்மாவே கொண்டுவருகிறாள். நீ ஏன் அந்த வீட்டை விட்டு வந்தாய் என்று அம்மா கேட்பாளா, மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இன்னும் பாதி விஷயம் புரியவில்லை. அம்மாவுக்கு அந்த ஊரில் வழியும் தெரியாது. மதியம் இரண்டு மணிக்கே பஸ் நிலையத்துக்கு வந்து நின்றுவிடு. இறங்கும்போது பையை நீ வாங்கிக்கொள். முட்டிவலியோடு அதையும் பிடித்துக்கொண்டு அவளால் படி இறங்க முடியாது.

உன் பூச்சி